சாப்பாட்டுக் கூடத்துச் சத்தம்

இலுப்பூர்
14.06.2024

அன்புத் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

அண்ணன் திருமுருகன் எழுதுகிறேன். நானும் உன் மதினியும் மகன் வசந்தும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு முதுகுவலி என்று மாப்பிள்ளை ஆனந்தராஜ் மஸ்கட்டிலிருந்து பேசும்போது உன் மதினியிடம் சொன்னாராம். இப்போது தேவலையா? மருமகள் இளமதி எப்படி இருக்கிறாள்?

மூன்று வருஷம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு இப்போது கடிதம் போடுகிறானே என்று நினைப்பாய். போனில் பேசலாம்தான். இங்கே டவர் சரியில்லை, பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை. அதனால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கே எழுதுகிறேன்.

வைகாசித் திருவிழாக்கள் முடிந்தன. நம் மைக் செட்டுக்குப் புதிதாக நாலு ஸ்பீக்கர் பாக்ஸ் சேர்த்திருக்கிறேன். வசந்த் பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னோடுதான் வருகிறான். செட்டு வேலைக்கு அடைக்கலமும் இன்னும் கூடவே இருக்கிறான்.

மருமகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எழுது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணன் திருமுருகன்


புதுக்கோட்டை
27.06.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் முதுகு பரவாயில்லை. மதினிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே. மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இலுப்பூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பஸ் பயணம். அதற்குப் போய்த் தபால்காரரைத் தேடியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதியிருப்பீர்கள் என்று அவசரமாகப் பிரித்தேன். அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். அய்யனார் கோயிலில் இளமதிக்குக் காது குத்தினோம். தாய்மாமன் என்று உங்கள் மடியில் உட்கார வைத்தோம். பத்தடி தள்ளி உங்கள் பாக்ஸ். அவள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள், உங்கள் கையைக் கடித்தாள். நீங்கள் ஊர் முன்னால் அவளைக் கன்னத்தில் அறைந்தீர்கள். ஆறு வயதுப் பிள்ளை. அன்றைக்குப் போனவள்தான் நான்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளை இந்தச் சிறப்புப் பள்ளியில் சேர்க்க வந்த இடத்தில் எனக்கும் ஆயா வேலை கிடைத்தது. ஆட்டிசம் என்று அப்போதே டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அருணா டீச்சர்தான் எனக்குப் புரிய வைத்தார். "நமக்கு மிக்சி சத்தம் மிக்சி சத்தமாத்தான் கேக்கும். அவளுக்கு அது மண்டைக்குள்ள ஓடுறாப்புல இருக்கும்க்கா. அவ அடம் பிடிக்கல, வலிக்குதுன்னு சொல்றா" என்றார்.

சாப்பிடுகிறாளா என்று கேட்டீர்கள். வீட்டில் சாப்பிடுகிறாள். பள்ளியில் மதியம் சாப்பிடுவதில்லை. போன வருஷம் ஒரு புண்ணியவான் பள்ளிக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்டிக் கொடுத்தார். நீளமான கட்டடம், மேலே தகரக் கூரை. அதற்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

பிரகதீஸ்வரி


இலுப்பூர்
20.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆடித் திருவிழாக்கள் ஆரம்பித்துவிட்டன, அதனால் பதில் தாமதம். உன் மதினிக்குச் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்திருக்கிறது. மாத்திரை போடுகிறாள். உன் முதுகுக்குக் கனம் தூக்காதே.

அந்தக் கூடம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? கூரை எவ்வளவு உயரம்? சுவர் பூசியதா, வெறும் செங்கலா? தரை சிமெண்டா, டைல்ஸா? பிள்ளைகள் உட்காருவது எதில்? தட்டு எவர்சில்வரா? நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். தட்டிய பிறகு சத்தம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கவனி. சத்தத்தை அளக்கிற மீட்டர் இப்போது போனிலேயே இருக்கிறது. யாரிடமாவது சொல்லி இறக்கி, சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுது.

நீ எழுதிய மற்றதை வாசித்தேன்.

அண்ணன்


புதுக்கோட்டை
29.07.2024

அண்ணனுக்கு,

மதினிக்குச் சர்க்கரை குறைந்ததில் சந்தோஷம். நான் சுகம்.

"மற்றதை வாசித்தேன்" என்ற உங்கள் இரண்டு வார்த்தையை நானும் வாசித்தேன். கோபத்தில் இரண்டு நாள் உங்கள் கடிதத்தை எடுக்கவில்லை. பிறகு, கேட்டிருப்பது பிள்ளைகளுக்காக என்று தோன்றியது. அளந்துவிட்டேன்.

நீளம் அறுபது அடி, அகலம் இருபத்தைந்து. கூரை பதினான்கு அடி இருக்கும். பூசிய சுவர், டைல்ஸ் தரை. கடப்பா கல் மேசை, இரும்பு ஸ்டூல், எவர்சில்வர் தட்டு. கை தட்டினேன். மூன்று எண்ணும் வரை சத்தம் போகவில்லை. அருணா டீச்சர் போனில் மீட்டர் போட்டார். மதியம் தொண்ணூற்று நான்கு காட்டியது. அதைப் பார்த்து டீச்சரே உட்கார்ந்துவிட்டார்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஸ்டூலை இழுத்தால் பல் கூசும். சாப்பாட்டு மணிக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டுகிறோம். ஒன்பது பிள்ளைகள் உள்ளே வந்து சாப்பிடுவதே இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்காவது தொல்லை இருக்காது என்றுதானே நினைப்போம்? இருளாயி என்று ஒரு சின்னப் பெண். காது மெஷின் வைத்திருக்கிறாள். கூடத்துக்குள் வந்ததும் அதைப் பிடுங்கி எறிகிறாள். மெஷின் பேச்சை மட்டும் பெரிதாக்காது, தட்டுச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குமாம்.

இளமதிக்கு மளிகை அறையில் தனியாகச் சோறு வைக்கிறேன். நாலு வாய். எடை பத்தொன்பது கிலோவுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதமும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இளமதி அப்பாவுக்கு இதை எழுதவில்லை. அந்த ஊர் வெயிலில் நின்று வேலை பார்க்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பிரகதீஸ்வரி


இலுப்பூர்
16.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே யாவரும் சுகம். பத்தொன்பது கிலோ என்று படித்ததிலிருந்து உன் மதினி சரியாகத் தூங்கவில்லை.

கூடத்தைச் சரிசெய்யலாம். தகரமும் டைல்ஸும் கல்லும் சத்தத்தை வாங்காது, திருப்பி அடிக்கும். வாங்கிக்கொள்கிற பொருளை உள்ளே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கூரைக்குக் கீழே கம்பி இழுத்து, சாக்கும் அதன்மேல் பந்தல் துணியும் கட்டலாம். சுவரில் ஜமுக்காளம். ஸ்டூல் கால்களுக்கு லாரி ட்யூப் ரப்பர். கல் மேசைக்கு ரெக்சின். முட்டை அட்டை ஒட்டலாம் என்று வசந்த் போனில் பார்த்துச் சொல்கிறான். அதெல்லாம் வீண். மணியை நிறுத்திவிடுங்கள். பச்சை பல்பு ஒன்று மாட்டித் தருகிறேன், எரிந்தால் சாப்பாடு என்று பிள்ளைகள் பழகிவிடும்.

துணியும் ஜமுக்காளமும் என்னிடம் பழையவை கிடக்கின்றன. 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பிள்ளைகள் இல்லாத நாள்தான் வேண்டும். மருமகளையும் அன்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா.

இன்னொன்று. அந்தக் காது மெஷினுக்கு பேட்டரி எத்தனை நாள் வரும்? பெரிய ஆட்களுக்கும் வைப்பார்களா? அடைக்கலத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் கேட்டார்.

அண்ணன்


புதுக்கோட்டை
30.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து உடம்பு அலுப்புத் தீர்ந்ததா? அன்று ஏணியில் ஏறி இறங்கியதற்கு உங்கள் முழங்கால் வலித்திருக்கும். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

முதலில் நல்ல சேதி. செவ்வாய்க்கிழமை மதியம் மீட்டர் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. சமையல்காரம்மா, "என்னடி, பிள்ளைக எல்லாம் இன்னைக்கு லீவா?" என்று எட்டிப் பார்த்தார். ஒன்பது பேரில் ஆறு பேர் உள்ளே வந்து சாப்பிட்டார்கள். இருளாயி மெஷினைக் கழற்றவில்லை. இளமதி வாசல்படி வரை வந்தாள். பச்சை விளக்கையும் மேலே கட்டிய துணியையும் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். போன வாரம் வரை அந்தப் பக்கமே திரும்பாதவள். மளிகை அறையில் அன்று எட்டு வாய் சாப்பிட்டாள். எண்ணினேன்.

இனி ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது.

நீங்கள் ஏணியில் நின்றபோது கீழேயிருந்து, "அண்ணே, டீ ஆறுது, எறங்குங்க" என்று மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் மேல் இன்னும் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். பிறகு கவனித்தேன். வசந்த் எது சொன்னாலும் உங்களுக்கு எதிரே வந்து நின்றுதான் சொல்கிறான். அடைக்கலம் தோளைத் தொட்டுத்தான் பேசுகிறார். கை தட்டியது நீங்கள், எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேட்டது வசந்திடம்.

மூன்று வருஷமாக நான் வேலை பார்ப்பது எந்தப் பள்ளியில் என்று மறந்துவிட்டீர்களா? அண்ணே, உங்களுக்குக் காது கேட்கவில்லையா? டவர் சரியில்லை என்று எழுதியது இதனால்தானா?

தங்கச்சி ஈஸ்வரி


புதுக்கோட்டை
25.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அங்கே எப்படி? ஒரு மாதம் ஆகப் போகிறது, பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். மதினிதான் எடுத்து, "அவுக செட்டுக் கட்டப் போயிருக்காக" என்றார். புரட்டாசி மாதம் எந்த ஊரில் அத்தனை செட்டு?

நான் கேட்டது தப்பென்றால் தப்பு என்றாவது ஒரு வரி எழுதுங்கள். இளமதி எடை குறையவில்லை. அதே பத்தொன்பது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டாக்டர் தள்ளி வைத்திருக்கிறார்.

ஈஸ்வரி


இலுப்பூர்
12.10.2024

அன்புத் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

உடம்பு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் மனது சரியில்லாமல் இருந்தது. இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ நினைத்தது சரி. ஆறு வருஷம் ஆகிறது. முதலில் இடது காதில் கொய்யென்று ஒரு இரைச்சல், பிறகு அந்தக் காது போய்விட்டது. இப்போது வலது காதிலும் பாதிக்கு மேல் இல்லை. முப்பது வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதற்குக் கூலி. உன் மதினிக்கும் வசந்துக்கும் அடைக்கலத்துக்கும் மட்டும் தெரியும். மைக் செட்காரனுக்குக் காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? அந்தப் பயத்திலேயே போனைத் தொடுவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால் சிரித்துவிடுவேன். சிரிப்புக்குப் பொருந்தாததைக்கூட அப்படிச் சிரித்திருக்கிறேன்.

நீ கேட்டு நான் எழுதாமல் விட்டதற்கு வருகிறேன். காதுகுத்து அன்று, நம் பிள்ளைக்காகச் செய்கிறோம் என்று இருந்ததில் பெரிய பாக்ஸை வைத்தேன். எனக்குச் சத்தம் போதவில்லை. இன்னும் ஏற்றினேன். வசந்த் ஓடி வந்து, "அப்பா, கொறைங்கப்பா, ரொம்ப அதிகம்" என்று கையை ஆட்டினான். இவனுக்கு என்ன தெரியும் என்று இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன். அதன் பிறகுதான் மருமகளை மடியில் வாங்கினேன். அவள் காதைப் பொத்தினாள். ஊரே பார்த்தது. என் செட்டைப் பார்த்து என் மருமகளே காதைப் பொத்துகிறாளே என்று ரோஷம் வந்துவிட்டது. கடித்ததற்காக அடிக்கவில்லை ஈஸ்வரி. கடித்ததுகூட வலிக்கவில்லை.

சத்தம் எவ்வளவு இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அதற்கு அவளை அடித்தேன். நான் செய்தது தப்பு. நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் ஜூன் மாதம் பேனாவை எடுத்தேன். எடுத்தும் நாலு மாதம் ஆகிவிட்டது.

அண்ணன் திருமுருகன்


புதுக்கோட்டை
05.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு மதினி கொடுத்துவிட்ட அதிரசம் வந்தது. இளமதி மூன்று தின்றாள். நான் சுகம், முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

உங்கள் கடிதத்தை மளிகை அறையில் உட்கார்ந்து படித்தேன். நிறைய அழுதேன். அழுது முடித்ததும் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. மூன்று வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இந்தப் பிள்ளை உங்களுக்கு அசிங்கமாகப் போய்விட்டாள் என்று நினைத்தேன். எங்கள் அண்ணன் அப்படி இல்லை. அது போதும். அடித்ததை நான் மறந்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அதை இனி தூக்கிக்கொண்டு திரியப் போவதில்லை.

வேலையைச் சொல்கிறேன். இங்கே மாதம் ஒரு சனிக்கிழமை காது பரிசோதிக்கிறவர் வருகிறார். 16ஆம் தேதிக்கு உங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டேன். வசந்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேட்டரி பத்து நாள் வருமாம். "அடைக்கலத்துக்குத் தெரிந்தவரிடம்" சொல்லிவிடுங்கள்.

போன வாரம் அடைமழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் முன்பு பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளியும். இந்தத் தடவை இரண்டு பேர்தான் ஒளிந்தார்கள். இளமதி இப்போது உள்ளே வருகிறாள். கதவோரம் கடைசி ஸ்டூலில், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எடை இருபது கிலோ நானூறு கிராம்.

தங்கச்சி ஈஸ்வரி


இலுப்பூர்
08.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கும் மருமகளுக்கும் மழைச் சளி ஏதும் இல்லையே?

காதில் மெஷின் இருக்கிறது. உன் மதினி அடுப்படியில் தனக்குத் தானே பேசிக்கொள்வாள் என்பது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியாது. எல்லாம் என்னைப் பற்றித்தான். கார்த்திகையில் ஒரு கோயில் செட்டுக்கு மெஷினோடுதான் போனேன். சத்தத்தை வைத்தது வசந்த். பாதிதான் வைத்தான். ஊர்த் தலைவர் வெள்ளைச்சாமி வந்து, "என்னப்பா, இந்த வருசந்தான் பேசுறது வார்த்தை வார்த்தையாக் கேக்குது" என்றார். என் காதைப் பார்த்தார். "எங்க அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கணும், எங்கிட்டு வாங்குன?" என்று கேட்டார். இதற்காகவா ஆறு வருஷம் பயந்தேன்!

வியாழக்கிழமை மெஷின் கடைக்குச் சரிபார்க்க வந்தவன் பள்ளிக்கும் வந்தேனே, அன்று கூடத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

நீ அடுப்படியில் இருந்தாய். டீச்சர் எனக்கும் தட்டு வைத்து நடு மேசையில் உட்கார வைத்தார். தக்காளிச் சோறு. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். பின்னால் யாரோ அடுக்கியிருந்த தட்டுகளைக் கீழே போட்டார்கள். மெஷின் அதை அப்படியே மண்டைக்குள் இறக்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக் குனிந்துவிட்டேன்.

நிமிர்ந்தால் எதிரே மருமகள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். எழுந்து போனேன். வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தாள். எனக்குப் பின்னால் வந்து, இரண்டு தோளிலும் கையை வைத்து அழுத்தினாள். நல்ல அழுத்தம். அந்தச் சின்னக் கையில் அவ்வளவு பலம். நான் அசையவில்லை. எவ்வளவோ நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் ஈஸ்வரி? மாமனை விளையாட்டுக்குத் தள்ளினாளா? உனக்குத் தெரிந்தால் எழுது.

அண்ணன்


புதுக்கோட்டை
17.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி ஏதும் இல்லை. மதினி பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், சில நேரம் மெஷினைக் கழற்றி வையுங்கள். பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அவரும் மஸ்கட்டிலிருந்து இருபது நாள் லீவில் வருகிறார். இனி போன் செய்தால் நீங்களே எடுக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதை அருணா டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். "தோளையா அழுத்துனா? பின்னாடி நின்னா?" என்று இரண்டு முறை கேட்டார். அது விளையாட்டு இல்லை. இளமதிக்குச் சத்தம் தாங்காமல் போகும்போது டீச்சர் அவளுக்கு அப்படித்தான் செய்வார். மரத்தடிக்குக் கூட்டிப்போய், பின்னால் நின்று, இருபது எண்ணும் வரை இரண்டு தோளையும் அழுத்திப் பிடிப்பார். உடம்புக்கு ஒரு பிடிமானம் கிடைத்தால் மண்டைக்குள் இரைவது அடங்குமாம். இத்தனை நாளில் அவள் அதை வேறு யாருக்கும் செய்ததில்லை. எனக்குக்கூட. உங்களுக்கு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது அண்ணே.

உங்களைக் கண்டால் அவள் ஓடிவிடுவாளோ என்ற பயத்தில்தான் நான் அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகக் கூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தடி அங்கிருந்து தெரியாது. நீங்கள் மரத்தடியிலிருந்து அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள், உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

உள்ளே வந்தவள் கதவோரம் போகவில்லை. நடு மேசையில் நீங்கள் பாதியில் வைத்துவிட்டுப் போன தட்டு இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள். தட்டுகள் தட்டிக்கொண்டுதான் இருந்தன. ஒரு தடவை தோளைக் குறுக்கினாள், எழுந்திருக்கவில்லை. தட்டிலிருந்ததை முடித்தாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். தட்டை என்னிடம் நீட்டினாள். ஒரு கரண்டி வைத்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டு, மறுபடி நீட்டினாள்.

உங்கள் தங்கச்சி,
ஈஸ்வரி